குடுவையில் ஒரு பன்றி வயிறு

"ஏனுங்கண்ணா, பன்னி நல்லாத்தான் தின்னுது. எடைதான் ஏற மாட்டேங்குது. சோயாவுல ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்களா?"

நாமக்கல் பக்கம் ஒரு சின்னத் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருவதில் பத்துக்கு ஒன்பது கோழித் தீவனம். வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கும் இந்தத் தம்பி எப்போதாவது வருவார். அன்றைக்கு இரண்டு பிளாஸ்டிக் பைகளோடு வந்திருந்தார். ஒன்றில் பழைய சோயாப் பிண்ணாக்கின் மிச்சம். இன்னொன்றில் புதுச் சரக்கு. வேறு வியாபாரி, மூட்டைக்குக் கொஞ்சம் விலை குறைவு.

வழக்கம்போல, நைட்ரஜனை எண்ணிப் புரதத்தைக் கணக்கிடும் ஜெல்டால் சோதனை போட்டேன். பழையது 46.2 சதவீதம் புரதம், புதியது 46.0. இரண்டும் ஒன்றுதான் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நிறம் உறுத்தியது. பழையது வெளிர் மஞ்சள். புதியது பழுப்பு, கையில் எடுத்து மோந்தால் கடலை வறுத்த வாசம்.

ஜெல்டால் முறைக்கு இதெல்லாம் தெரியாது. அடர் கந்தக அமிலத்தில் 420 டிகிரியில் எல்லாவற்றையும் கரைத்து, நைட்ரஜனை அம்மோனியாவாக்கி, காய்ச்சி வடித்து எண்ணுகிறது. நாம் அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்கிறோம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதுதான் கணக்கு. மயிர், தோல், கொம்பு, தீய்ந்த பருப்பு எதைப் போட்டாலும் அதே நேர்மையோடு எண்ணிக் கொடுக்கும். பன்றியின் குடல் அதைத் தொடுமா என்பது அதன் கேள்வியே அல்ல.

சோயாவுக்கு என்று இரண்டு சுருக்கமான சோதனைகள் உண்டு. முதலில் யூரியேஸ். பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. புரதத்தை உடைக்கப் பன்றியின் கணையம் சுரக்கிற டிரிப்சின் நொதியைப் பிடித்து முடக்கிவிடும். அதை நேரடியாக அளப்பது நீளமான வேலை. சோயாவிலேயே இருக்கும் யூரியேஸ் நொதியும் சூடு பட்டால் ஏறக்குறைய அதோடு சேர்ந்தே செத்துப்போகும் என்பதால், அதை அளந்து இதை ஊகிக்கிறோம். 0.2 கிராம் மாவு, யூரியா கலந்த பாஸ்பேட் கரைசல் 10 மி.லி., 30 டிகிரி சூட்டில் 30 நிமிடம். யூரியேஸ் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும், அதனால் பி.எச். ஏறும். யூரியா இல்லாத ஜோடிக் குழாயோடு ஒப்பிட்டு, பி.எச். எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். 0.05 முதல் 0.2 வரை ஏறினால் பதமாக வெந்த சோயா என்பது நடைமுறை. பழையது 0.07 காட்டியது. புதியது 0.00.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பூஜ்யம் என்றதும் "சூப்பர், தடுப்பான் சுத்தமாகப் போய்விட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். யூரியேஸ் சோதனை வேகாததைத்தான் காட்டிக் கொடுக்கும். நொதி செத்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் வறுத்தாலும் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும்.

அதிகம் வெந்ததைப் பிடிக்க இன்னொன்று: பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் எவ்வளவு புரதம் கரைகிறது என்று பார்ப்பது. கோழிக்குஞ்சுகளை வைத்து 1990-ல் அராபா, டேல் இருவரும் முன்வைத்த முறை. 0.2 சதவீதக் கரைசல் 75 மி.லி.யில் 1.5 கிராம் மாவைப் போட்டு 20 நிமிடம் கலக்கி, மையவிலக்கியில் சுற்றி, மேலே தெளிந்த நீரில் உள்ள நைட்ரஜனை எண்ண வேண்டும். 80-ஐ ஒட்டி வந்தால் நிம்மதி. 70-க்குக் கீழே இறங்கினால் சரக்கு தீய்ந்திருக்கிறது. பழையது 81, புதியது 63.

தம்பிக்குப் போன் போட்டேன். காரணத்தையும் சொன்னேன்: அதிகச் சூட்டில் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம், மாவிலுள்ள சர்க்கரையோடு ஒட்டிக்கொள்கிறது. தோசை ஓரம் சிவப்பதும் இதே சமாச்சாரம்தான். தோசைக்கு அது ருசி, பன்றிக்கு நஷ்டம். தானியத் தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆவதே லைசின்தான்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. "சரிங்கண்ணா, அப்ப எவ்வளவுதான் செரிக்கும்? தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு, மீன்தூளு எல்லாம் போடறேன். அதுக்கும் சேத்துப் பாத்துச் சொல்லுங்களேன்."

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை சோயாவுக்கு மட்டும். மற்றதற்கு என்ன செய்வது?

கையில் இருந்தது பெப்சின் முறை. பெப்சின் என்பது இரைப்பையில் புரதத்தை உடைக்கும் நொதி. கொழுப்பு நீக்கிய மாவு 1 கிராம், 0.075 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.2 சதவீதம் பெப்சின் கரைத்து 150 மி.லி., 45 டிகிரியில் 16 மணி நேரம் ஓயாத குலுக்கல். பிறகு வடிகட்டி, மிஞ்சியதில் நைட்ரஜன் பார்க்க வேண்டும். விலங்குப் புரதங்களுக்காக ஏற்பட்ட முறை. போட்டுப் பார்த்தேன். பழைய சோயாவில் 94 சதவீதம் செரித்தது, தீய்ந்த சோயாவில் 91. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் பேச முடியாது. 1 கிராம் மாவுக்கு 0.3 கிராம் பெப்சின் என்றால் எந்த வயிற்றிலும் நடக்காத தாராளம். நொதியை நூறில் ஒரு பங்காகக் குறைத்து 0.002 சதவீதத்தில் போட்டால் இடைவெளி நன்றாக விரிகிறது. ஆனால் மூன்று குடுவைக்கு மூன்று எண் வந்தது. மேலும் இது இரைப்பை வேலை மட்டும். புரதம் பெரும்பாலும் செரிப்பது சிறுகுடலில்.

அப்படித்தான் இரண்டு கட்ட முறைக்கு வந்தேன். டென்மார்க்கில் போய்சன், ஃபெர்னாண்டஸ் இருவரும் 1995-ல் பன்றிக்காகவே வெளியிட்டது. ஜெல்டாலும் டென்மார்க்காரர்தான். 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவர் தன் முறையைக் கண்டுபிடித்தார். மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம் உள்ள நாடு. இந்தக் கவலைகள் அங்கே இருப்பதில் ஆச்சரியமில்லை.

முறை இதுதான். 1 மி.மீ. சல்லடையில் புகும்படி அரைத்த மாவு 0.5 கிராம். 100 மி.லி. கூம்புக் குடுவையில் போட்டு, பி.எச். 6.0 பாஸ்பேட் தாங்கல் கரைசல் (பி.எச்.சை நிலையாக வைப்பது) 25 மி.லி., 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றி, பி.எச்.சை 2.0-க்குக் கொண்டுவந்து, பெப்சின் 25 மில்லிகிராம் கரைத்த 1 மி.லி. சேர்த்து, மூடி, 40 டிகிரியில் 6 மணி நேரம். இது இரைப்பை. பிறகு பி.எச். 6.8 தாங்கல் கரைசல் 10 மி.லி., 0.6 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மி.லி. ஊற்றி, பி.எச்.சை 6.8-இல் நிறுத்தி, பான்கிரியாடின் (கணைய நொதிகளின் கலவை) 100 மில்லிகிராம் கொண்ட 1 மி.லி. சேர்த்து இன்னும் 18 மணி நேரம். இது சிறுகுடல். கடைசியில் 20 சதவீத சல்போசாலிசிலிக் அமிலம் 5 மி.லி. விட்டு அரை மணி நேரம் வைத்தால், கரைந்திருந்தும் இன்னும் முழுசாக உடையாத புரதம் திரிந்து கீழே வந்துவிடும். வடிதாளில் தங்குவது செரிக்காதது. கீழே போவது செரித்தது.

பெப்சின் பன்றியின் இரைப்பையிலிருந்து வருவது, பான்கிரியாடின் பன்றியின் கணையத்திலிருந்து. புட்டியைத் திறந்தால் கறிக்கடை வாடை. பக்கத்து மேசைப் பெண் அன்றைக்கு ஜன்னலோரமாக இடம் மாறிக்கொண்டார்.

ஏன் சிறுகுடலோடு நிறுத்துகிறோம், சாணத்தையே பார்த்தால் என்ன என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சிறுகுடலைத் தாண்டியதும் பெருங்குடலில் நுண்ணுயிர்களின் ராஜ்யம். மிஞ்சிய புரதத்தை அவை உடைத்து அம்மோனியாவாக்கும். அது ரத்தத்துக்குப் போனாலும் தசையாக மாறுவதில்லை, சிறுநீரில் வெளியேறுகிறது. சாணத்தில் நைட்ரஜன் குறைந்திருப்பதைப் பார்த்து "நன்றாகச் செரித்தது" என்று சொன்னால் அது நுண்ணுயிர் செய்த வேலைக்குப் பன்றிக்குக் கூலி கொடுத்த கதை. அதனால்தான் ஆராய்ச்சி நிலையங்களில் பன்றியின் சிறுகுடல் கடைசியில் அறுவை செய்து குழாய் பொருத்தி, அங்கேயே சாற்றை எடுத்து அளக்கிறார்கள். நமக்கு அந்த வசதியும் இல்லை, அனுமதியும் இல்லை. குடுவைதான்.

முதல் தடவை

பெப்சின் வாங்குவதிலேயே சறுக்கினேன். கடையில் "1:3000" என்று போட்டதை எடுத்து வந்துவிட்டேன். ஒரு பங்கு பெப்சின் 3000 பங்கு வெந்த முட்டை வெள்ளைக்கருவைக் கரைக்கும் என்று அர்த்தம். பெப்சின் முறைக்கு 1:10,000 தேவை. இரண்டு கட்ட முறைக்கும் நொதியின் வலிமை குறித்துச் சொல்லியிருக்கிறார்கள். எடையை மட்டும் பின்பற்றினால் போதாது. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் போனது என் தவறு. திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அது பின்னால் ஒரு வேலைக்கு உதவியது, சொல்கிறேன்.

மாவு அரைப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். அவசரத்தில் மிக்சியில் போட்டேன். சோயா மாவாகிவிட்டது, தவிடு தவிடாகவே இருந்தது. துகள் பெரிதாக இருந்தால் நொதி உள்ளே போகாது, எண் குறையும். மிக நைசாக அரைத்தால் எண் ஏறும். எல்லாவற்றையும் ஒரே 1 மி.மீ. சல்லடையில் தள்ளி, சல்லடையின் மேல் நின்றதைத் தூக்கிப் போடாமல் மறுபடி அரைத்துச் சேர்த்த பிறகுதான் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. மேலே நிற்பது பெரும்பாலும் தோலும் நாரும். அதைக் கொட்டிவிட்டால் தரம் கெட்ட பிண்ணாக்குக்கு நாமே சலுகை கொடுத்ததாகிவிடும்.

பி.எச். திருத்துவதில் ஒரு முழு முற்பகல் போனது. சோயாவும் கடலைப் பிண்ணாக்கும் இரண்டு சொட்டு அமிலத்தில் வழிக்கு வந்தன. மீன்தூள் வரவில்லை. எலும்பும் ஓடும் அமிலத்தைக் குடித்துக்கொண்டே இருந்தன. நுரை தள்ளியது, 2.0 வந்தது, ஐந்து நிமிடத்தில் 2.6 ஆனது. பெப்சின் போடுவதற்கு முன் அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி திருத்த வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். பத்துப் பன்னிரண்டு குடுவைக்குப் பிறகு பி.எச். மீட்டரே மந்தமானது. கண்ணாடிக் குமிழில் புரதம் படிந்திருந்தது. அதைக் கழுவ விற்கிற மருந்தே பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும்தான். வீணாகக் கிடந்த 1:3000 புட்டி அன்றுதான் பிறவிப்பயன் அடைந்தது.

6 மணி நேரமும் 18 மணி நேரமும் சேர்ந்தால் 24. காலை 10 மணிக்குப் பெப்சின், மாலை 4-க்குப் பான்கிரியாடின், மறுநாள் காலை 10-க்கு வடிகட்டல். கச்சிதமான கணக்கு. மின்சார வாரியத்துக்கு அந்தக் கணக்கு தெரியாதே. இரவில் எப்போதோ மின்சாரம் போயிருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் நீர்த்தொட்டி 31 டிகிரி. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்ததென்று தெரியாது. பன்றியின் உடம்புச் சூடு 39 டிகிரியை ஒட்டியது. 31-இல் கிடந்த குடுவை எந்தப் பன்றி என்று சொல்வது? எல்லாவற்றையும் கொட்டினேன். அடுத்த முறைக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனியாக வயர் இழுத்தோம்.

கொட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. குடுவைகளில் அழுகல் நாற்றம். 40 டிகிரி, நடுநிலைக்குப் பக்கமான பி.எச்., கரைந்த புரதம்: பாக்டீரியாவுக்கு இதைவிடக் கல்யாணச் சாப்பாடு கிடையாது. அவை பெருகினால் கரைந்த நைட்ரஜன் அவற்றின் உடம்புக்குள் போய், வடிதாளில் செரிக்காததோடு சேர்ந்து நிற்கும். அதற்காகத்தான் மூல முறையில் சாராயத்தில் கரைத்த குளோராம்பெனிகால் 1 மி.லி. சேர்க்கச் சொல்கிறார்கள். நான் அலட்சியமாக விட்டிருந்தேன். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கூடாத மருந்து அது. கையுறையோடு எடுத்து, கழிவைத் தனிக் கேனில் சேர்த்தேன்.

வடிகட்டல் என்னும் தலைவலி

நொதி வேலை சுலபம், அது தானே நடக்கும். வடிகட்டுவதுதான் வேலை.

செலைட் தூள் படுகை போட்ட கண்ணாடி வடிகலன்தான் இதற்கு வழக்கம். என்னிடம் இரண்டே இரண்டு இருந்தன. செலைட்டைச் சுரண்டி எடுத்து ஜெல்டால் குழாயில் போடுவதும் எரிச்சலான வேலை. அதனால் சாம்பல் இல்லாத வடிதாள். வடிந்ததும் தாளோடு சுருட்டி நேரே குழாய்க்குள். கடலைப் பிண்ணாக்கு கால் மணி நேரத்தில் வடிந்தது. தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கஞ்சி மாதிரி தாளை அடைத்துக்கொண்டன. மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. சல்போசாலிசிலிக் அமிலம் விட்ட பிறகு பி.எச். இறங்கிப் பான்கிரியாடின் நின்றுவிடுகிறது, அதனால் தாமதத்தால் எண் கெடாது. பொறுமைதான் கெடும்.

மையவிலக்கியில் சுற்றிவிட்டு வடிக்கலாமே என்றார் எங்கள் மேற்பார்வையாளர். நல்ல யோசனை. ஊற்றியதையெல்லாம் கூட்டிப் பார்த்தேன்: 25, 10, 1, 1, 10, 5, 1, 5. மொத்தம் 58 மி.லி., திருத்தத்துக்கு விட்ட சொட்டுகள் தனி. எங்கள் குழாய் 50 மி.லி. ஒரு குடுவைக்கு இரண்டு குழாய் என்று பிரித்துச் சுற்றி, முதலில் தெளிவை வடிதாளில் விட்டு, அடியில் நின்றதை 1 சதவீத சல்போசாலிசிலிக் அமிலத்தால் கழுவித் தாளில் சேர்த்தேன். பிறகு எத்தனால், அசிட்டோன். மூன்று மணி நேர வேலை நாற்பது நிமிடமாகக் குறைந்தது.

தாளோடு போடுவதில் ஒரு எச்சரிக்கை. 12.5 செ.மீ. தாள் ஏறக்குறைய ஒரு கிராம் எடை. அது முழுக்கச் செல்லுலோஸ். மாவுப்பொருள் ஒரு கிராமை எரிக்க ஏறக்குறைய 4 மி.லி. கந்தக அமிலம் செலவாகும். வழக்கமான அளவு அமிலத்தோடு ஏற்றினேன். குழாய் கரி நுரையாகப் பொங்கி மேலே வந்தது. அமிலத்தைக் கூட்டி, சூட்டை மெதுவாக ஏற்றிய பிறகு அடங்கியது.

பூஜ்யம் எது

முதல் முழு வரிசை முடிந்து கணக்குப் போட்டேன். பழைய சோயா 88, தவிடு 58. சோயா நம்பும்படி இருந்தது. தவிடு ரொம்பவே கீழே. தவிடு மோசம்தான், ஆனால் இவ்வளவா?

இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் புரிந்தது. நான் கழித்த பூஜ்யம் தப்பு. ஜெல்டாலுக்கு வழக்கமாகப் போடும் வெற்றுக் குழாயையே கழித்திருந்தேன். அதில் தாளும் அமிலமும் உப்பும் மட்டும். ஆனால் ஒவ்வொரு குடுவையிலும் 25 மில்லிகிராம் பெப்சினும் 100 மில்லிகிராம் பான்கிரியாடினும் போட்டிருக்கிறோம். அவையும் புரதம். சல்போசாலிசிலிக் அமிலம் தீவனப் புரதத்தை மட்டும் பார்த்துப் படிய வைக்குமா என்ன? நொதியின் மிச்சமும் சேர்ந்து தாளில் நிற்கிறது. மாவு மட்டும் இல்லாமல், மற்ற எல்லாம் போட்டு, 24 மணி நேரம் வைத்து, அமிலம் விட்டு, வடிகட்டிய ஒரு குடுவைதான் உண்மையான பூஜ்யம்.

போட்டுப் பார்த்தேன். அம்மோனியாவை எண்ணப் பியூரெட்டிலிருந்து விடும் 0.1 நார்மல் அமிலத்தில் பழைய வெற்றுக் குழாய் 0.2 மி.லி. எடுத்தது. நொதிப் பூஜ்யம் 0.9 மி.லி. எடுத்தது. வித்தியாசம் 0.7 மி.லி.

0.1 நார்மல் அமிலம் 1 மி.லி. என்றால் 1.4 மில்லிகிராம் நைட்ரஜன். ஆக ஒவ்வொரு குடுவையிலும் சுமார் 1 மில்லிகிராம் நைட்ரஜன் தீவனத்துடையது அல்ல. 0.5 கிராம் சோயாவில் 37 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் 1 போனால் 2.6 புள்ளி பிசகு. 0.5 கிராம் தவிட்டில் இருப்பதோ 12 மில்லிகிராமுக்கும் குறைவு. அங்கே அதே 1 மில்லிகிராம் 8 புள்ளியை விழுங்கிவிடுகிறது. ஒரே தப்பு பணக்காரனைக் கிள்ளியது, ஏழையை அடித்தது. பழைய சோயா 3.3 மி.லி., அதில் 0.9 கழித்தால் 2.4 மி.லி., 3.36 மில்லிகிராம். 37-இல் 9 சதவீதம் செரிக்கவில்லை, 91 செரித்தது. தவிடு 58-லிருந்து 66 ஆனது.

புரதம் குறைந்த பொருள்களில் பியூரெட்டில் ஒரு கோடு தவறினாலும் எண் ஆடும். 0.1 மி.லி. தவறினால் சோயாவில் 0.4 புள்ளி, தவிட்டில் 1.2 புள்ளி. எடையை இரட்டித்தால் நொதிக்கும் மாவுக்கும் உள்ள விகிதம் மாறிவிடும் என்பதால், தவிட்டுக்கு இரண்டு குடுவை போட்டு, இரண்டின் மிச்சத்தையும் ஒரே ஜெல்டால் குழாயில் போட்டேன். பூஜ்யத்துக்கும் அப்படியே இரண்டு. கூடவே 0.1 நார்மலை விட்டுவிட்டு 0.02 நார்மலுக்கு மாறினேன். அதே நைட்ரஜனுக்கு ஐந்து மடங்கு மி.லி. செலவாவதால், ஒரு கோடு தவறினால் வரும் பிசகு குறைந்தது.

மூன்று மூன்று குடுவையாக, இரண்டு வெவ்வேறு வாரத்தில் போட்டு எடுத்த சராசரி இது: கடலைப் பிண்ணாக்கு 93, பழைய சோயா 91, தீய்ந்த சோயா 82, தேங்காய்ப் பிண்ணாக்கு 74, எண்ணெய் எடுத்த தவிடு 66. மீன்தூள் 88. இவை என் கூடத்தில், என் நொதிப் புட்டியில் வந்த எண்கள். வேறு கூடத்தில் ஏறி இறங்கலாம், வரிசை மாறாது என்று நினைக்கிறேன். வரிசைதான் எனக்கு வேண்டும்.

குடுவைப் பன்றி கொஞ்சம் நல்ல பெயர் வாங்கும் பன்றி என்பதையும் தம்பியிடம் சொன்னேன். நிஜப் பன்றி தன் குடலுக்குள் தானே நொதியும் சளியும் உதிர்ந்த செல்களும் கொட்டுகிறது. அந்த நைட்ரஜனும் சிறுகுடல் கடைசியில் சேர்ந்து வரும். நார் அதிகமான தீவனத்தில் அது இன்னும் கூடும். குடுவையில் அதெல்லாம் இல்லை. தீய்ந்த சோயா விஷயத்தில் 82 என்பதுகூடச் சலுகைதான். நொதி சங்கிலியை வெட்டிக் கரைத்துவிடலாம், ஆனால் சர்க்கரை ஒட்டிய லைசின் கரைந்தாலும் பன்றிக்கு உதவாது. நைட்ரஜனை எண்ணும் எந்த முறைக்கும் அது தெரியாது.

சோயாவை மாற்றினார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மீன்தூள்

நொதியே போடாமல், தாங்கல் கரைசல்கள் மட்டும் ஊற்றி, அதே 24 மணி நேரம் வைத்து ஒரு வரிசை ஓட்டியிருந்தேன். நொதி உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசைதான். பிண்ணாக்கு வகைகளில் எதிர்பார்த்தபடி கொஞ்சம் கரைந்திருந்தது. மீன்தூளில் நொதி இல்லாமலேயே 47 சதவீத நைட்ரஜன் தாளைத் தாண்டிப் போயிருந்தது. உப்புப் போட்டு உலர்த்திய மீனில் கரையும் நைட்ரஜன் இருக்கும்தான். ஆனாலும் இது ஜாஸ்தி.

இந்த முறையின் ஓட்டை அப்போதுதான் உறைத்தது. தாளைத் தாண்டிய எல்லாமே "செரித்தது" என்று கணக்கில் ஏறுகிறது. தண்ணீரில் கரையும் எந்த நைட்ரஜனும் நூற்றுக்கு நூறு செரிமானம். அப்படிக் கரையும், மலிவாகக் கிடைக்கும், நைட்ரஜன் 46 சதவீதம் உள்ள வெள்ளைக் குருணை ஒன்று எல்லா உரக்கடையிலும் இருக்கிறது. 6.25-ஆல் பெருக்கினால் அதன் "புரதம்" 287 சதவீதம்.

சோதிக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. பச்சை சோயாவில் யூரியேஸ் இருக்கிறதே. பக்கத்துக் கடையில் சோயாப் பருப்பு வாங்கி அரைத்தேன். மீன்தூளைத் தண்ணீரில் கலக்கி வடித்து, காரத்தில் ரோஜா நிறமாகும் பீனால் ரெட் இரண்டு சொட்டு விட்டு, நீர்த்த அமிலத்தால் மஞ்சளாக்கி, மூன்று குழாயில் பிரித்தேன். ஒன்றில் எதுவும் போடவில்லை. ஒன்றில் கொதிக்க வைத்துக் கொன்ற சோயா மாவு. ஒன்றில் பச்சை சோயா மாவு. நம்பகமான வேறு ஒரு மீன்தூளுக்கும் இதே மூன்று குழாய். கால் மணி நேரத்தில் ஆறு குழாயில் ஐந்து மஞ்சளாகவே நின்றன. தம்பியின் மீன்தூளில் பச்சை சோயா போட்ட குழாய் மட்டும் ரோஜா நிறம்.

அளவும் பார்த்தேன். யூரியேஸ் முழுசாக வேலை செய்ய விட்டு, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் காய்ச்சி வடித்து, சோயா போடாத குழாயைக் கழித்துப் பார்த்ததில் யூரியா சுமார் 5 சதவீதம். ஜெல்டாலில் 44 காட்டிய புரதத்தில் 14.6 யூரியாவின் உபயம். உண்மையில் இருப்பது 29 சொச்சம். செரிக்காமல் நின்றதை அந்த நிஜப் புரதத்தோடு வகுத்தால் 88 என்று வந்தது 82 ஆனது. முன்பு 100 கிலோவில் 38 கிலோவுக்கு மேல் செரிக்கும் புரதம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு 24 என்று எழுதினேன்.

தம்பி வந்தபோது குழாய்களைக் காட்டினேன். ரோஜா நிறக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த யூரியா மாட்டுக்கு ஆகுமுங்களே? மாட்டுக்காச்சும் போட்டுரலாமா?"

மாட்டின் அசையூணில், அதாவது அசைபோடும் முதல் இரைப்பையில், நுண்ணுயிர் யூரியாவைப் புரதமாக்கும், உண்மைதான். பன்றிக்கு அந்த வசதி இல்லை. ஆனால் எந்த மூட்டையின் எந்த மூலையில் யூரியா கட்டியாகக் கிடக்கிறதென்று யார் கண்டது? ஒரே வாயில் அள்ளித் தின்றால் மாடு செத்துப்போகும். வேண்டாம் தம்பி என்றேன்.

மூன்று மூட்டை மீதி இருந்ததாம். அடுத்த வாரம் போனில் சொன்னார், தென்னைக்குப் போட்டுவிட்டாராம்.